படித் திருப்பத்து ஆர்க்கிட் தொட்டி

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்வது தொழில். பேச்சு கம்மி, வீம்பு ஜாஸ்தி. பல்லில்லாதவர்கள் குழறுவதெல்லாம் அத்தானுக்குத் தெளிவாகப் புரியும். அந்த வீட்டிலேயே கிடக்கும் நான் சொல்வதுதான் காதில் ஏறாது.

மாடியில் குடியிருக்கும் டெய்லரும் அவரும் முன்பு அவ்வளவு ஒட்டு. சேர்ந்து ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்த ஆர்க்கிட் நாற்றுகளை வாங்கினார்கள். ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு. அத்தான் பல் வேலைக்கு வைத்திருந்த சாமணத்தால் கவ்வி எடுத்துக் கொடுக்க, கரித்துண்டும் மரப்பட்டையும் நிரப்பிய ஒரே தொட்டியில் டெய்லர் நெருக்கமாக நட்டார். இந்த வயதில் தனித்தனியாக வைத்தால் பிழைக்காது, வேர் ஊன்றும்வரை பிரிக்கவே கூடாது என்று விற்றவர் சொல்லியிருந்தார். தொட்டி மாடிப்படித் திருப்பத்தில் குடியேறியது.

அப்புறம்தான் வந்தது வினை. அத்தான் செய்த பல் செட் ஈறில் குத்துகிறது என்றார் டெய்லர். நீ தைத்த பேண்ட்டில் உட்காரவே முடியவில்லை என்றார் அத்தான். பேச்சு நின்றது. டெய்லர் பல் செட்டைக் கழற்றிவிட்டுப் பொக்கை வாயோடு திரிந்தார். அத்தானோ எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டுமென்று அந்தப் பேண்ட்டையே போட்டுக்கொண்டு அலைந்தார்.

தொட்டியைப் பிரிக்கத்தான் வழியில்லை. அவன் எங்கே கவனிக்கப்போகிறான் என்று காலையில் அத்தான் தண்ணீர் ஊற்றினார். அதே நினைப்பில் சாயங்காலம் டெய்லரும் ஊற்றினார். நாற்றுகள் அழுக ஆரம்பித்தன. நான் அத்தானிடம் போனேன்.

"ரெண்டு பேரும் ஊத்துறீங்க அத்தான். போய்ச் சொல்லுங்க."

"அவன் மொதல்ல பேசட்டும்."

"இலையெல்லாம் கொழகொழன்னு ஆயிடுச்சு. இப்படியே போனா மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் அத்தான் படித் திருப்பத்தில் போய் நின்றுகொண்டார். டெய்லர் மக்கில் தண்ணீரோடு இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், ஏதோ குழறினார். கீழே நின்ற எனக்கும் அக்காவுக்கும் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"நானும்தான் ஊத்தினேன்," என்றார் அத்தான். "உன்மேல மட்டும் என்ன தப்பு?"

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"பொழைச்சது கொஞ்சம் இருக்கு. காலையில வேற தொட்டியில ஒண்ணாவே வைப்போம். போய்ப் பல் செட்டைக் கொண்டா, குத்துற இடத்தை ராவித் தரேன்."

டெய்லர் அசையவில்லை. அத்தான் போட்டிருந்த அந்தப் பேண்ட்டைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார்.

அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க. இப்பவே கழட்டிக் குடுக்கணுமாம்."