காபி ஆறுவதற்குள் தோன்றுவது

மெர்ல் ஓபர்ஹோல்ட்ஸர் கையில் எது கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பார். உணவகத்துச் சாஸ் புட்டியோ, பேத்தியின் பொம்மையோ, விதிவிலக்கு கிடையாது. பார்த்து முடித்ததும் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, “இதுல என்ன பெரிய மூளை? யாருக்கும் தோணியிருக்குமே!” என்பார்.

டொலீடோவில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு இந்த வாக்கியம்தான் இப்போது பிழைப்பு. காப்புரிமை வழக்குகளில் அவர் நிபுணர் சாட்சி. தொழில் தெரிந்த சராசரி ஆளுக்கே ஒரு கண்டுபிடிப்பு எளிதில் தோன்றியிருக்கும் என்று நிரூபித்துவிட்டால் காப்புரிமை செல்லாது. அந்தச் சராசரி ஆளாகக் கூண்டேற மெர்ல் வாங்கும் கட்டணம் மட்டும் சராசரியானதல்ல. கூப்பிடுகிறவர் காப்புரிமைக்காரராக இருந்தால் அதே மூக்கு, அதே நீல டை, வேறு வாக்கியம்: “எவனுக்குங்க இப்படியெல்லாம் தோணும்!” போன வருடம் துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரம் ஒன்றுக்காகக் கண் கலங்கவும் செய்தார்.

இந்த வருடம் லொரெட்டா ஸாபோவின் முறை. முழங்கால் நோயாளிகளுக்குப் பயிற்சி தருபவர். உடற்பயிற்சி சைக்கிளில் மிதித்தபடியே, கைப்பிடியிலிருந்தே, மிதியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல் செய்திருந்தார். பெரிய கம்பெனி ஒன்று அதை அப்படியே எடுத்து விற்றது. வழக்குப் போட்டார். காப்புரிமை போனால் அவருடைய சின்னப் பட்டறையும் போகும். கம்பெனி மெர்லைக் கூப்பிட்டது.

நீதிமன்றத்தில் மெர்லின் ஒரு கையில் பழைய உடற்பயிற்சி சைக்கிளின் படம், மறு கையில் மோட்டார் பைக்கின் பிரேக் கம்பி. “இதையும் இதையும் சேருங்க, அவ்வளவுதான் கதை. காபி ஆறுறதுக்குள்ள யாருக்கும் தோணும்” என்றார் ஜூரியிடம்.

இடைவேளையில் லொரெட்டா அருகில் வந்தார். “புரொபசர், உங்க வீட்ல சைக்கிள் இருக்குங்களா?”

“இருக்கே. கீழ்த்தளத்துல. வருஷக்கணக்கா தினம் மிதிக்கிறேன்.”

“நடுவுல இறுக்கணும்னா என்ன பண்ணுவீங்க?”

மெர்ல் வழக்கம்போல் கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் காபி இருந்தது.

“எதிர்த் தரப்புகிட்ட பேசாதீங்க சார்!” என்று கம்பெனி வக்கீல் ஓடிவந்து அவருடைய கால்சட்டையைத் துடைத்தார்.

ஜூரி கம்பெனி பக்கம் சாய்ந்தது. காப்புரிமை ரத்து. “பின்னிட்டீங்க, மெர்ல்!” என்று முதுகில் தட்டினார் வக்கீல். லொரெட்டா தன் நெம்புகோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அன்று மாலை, டையைக்கூடக் கழற்றாமல், மெர்ல் கீழ்த்தளத்தில் சைக்கிள் ஏறினார். மிதி தளர்வாக ஓடியது. இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து திருகாணியை முடுக்கினார். ஏறி மிதித்தார். இறுக்கம் அளவுக்கு மேல் கூடிவிட்டது.

மறுபடி இறங்கினார்.