ஒன்பது ஓட்டைத் தட்டு

எங்கள் வீட்டுச் சாமி மேடையில் ஒரு கற்பூரத் தட்டு இருக்கிறது. வெள்ளியும் இல்லை, பித்தளையும் இல்லை, அலுமினியம். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். மேலே மடித்துவிட்ட விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வரிசையாக ஒன்பது ஓட்டைகள், ஒவ்வொன்றும் மிளகளவு. விபூதி போட்டால் அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். தினமும் மேடையைத் துடைக்கிற என் மருமகளுக்கு அது பெரிய தொல்லை. போன தீபாவளிக்குப் பித்தளையில் ஒன்று வாங்கி வந்து, "அத்தை, இத உள்ள எடுத்து வச்சிடலாமா? சாமிக்குப் போயி ஓட்டத் தட்டுல காட்டுறோம்லா" என்றாள். நான் தட்டை முருகனுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். இந்தத் தட்டு ஒரு காலத்தில் வானத்தில் பறந்தது என்று சொன்னால் நம்பவா போகிறாள்?

நான் கல்யாணமாகி வந்தது ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு. வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். உறவில்லை, வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுப் பழகினேன். அவள் பால் வெட்டப் போகமாட்டாள். தோட்டத்தைத் தாண்டிச் செம்மண் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவருடைய பழைய இரும்புக் கிடங்கு. அங்கே சண்டை முடிந்து மிச்சமான ஏரோப்பிளான்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் விட்டுப்போனதும் உண்டு, வெள்ளைக்காரன் வேண்டாமென்று தள்ளியதும் உண்டு. நாங்கள் அவற்றைக் கப்பல் என்றுதான் சொல்வோம். உளியால் ஆணிகளைத் தட்டிக் கழற்றி, தகடு தனியாகவும் செம்புக் கம்பி தனியாகவும் பிரித்துப் போடுவது அக்காவின் வேலை.

தோட்டத்துக்கு முள்வேலி வருவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அவளோடு அங்கே போனேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த இடம் எனக்குக் கனவு மாதிரிதான் வருகிறது. விடிந்தும் விடியாத பனி. இடுப்பளவு லாலாங் புல். புல்லுக்கு மேலே வால்களும் இறக்கைகளும் மட்டும் தெரிந்தன, கூட்டமாகப் படுத்து உறங்குகிற பெரிய பறவைகளைப் போல. வெயில் ஏற ஏறத் தகடுகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தொட்டாற்சுருங்கி முளைத்துப் பூத்திருந்தது. ஓட்டுகிறவன் உட்காரும் கண்ணாடிக் கூண்டில் புறா கூடு கட்டியிருந்தது. காற்று வந்தால் போதும், எங்கோ ஓர் உடைந்த இறக்கை மெதுவாக முனகும். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கோயிலுக்குள் வந்தது போலிருந்தது.

அன்றைக்கு ஒரு புதுக் கப்பலை உடைக்க வேண்டும். ஆட்கள் சம்மட்டியோடு நின்றார்கள். அக்கா அவர்களை விலக்கிவிட்டு முன்னால் போனாள். மடியிலிருந்து, கப்பல் தகட்டை வளைத்து அவளே செய்த இந்தத் தட்டை எடுத்துக் கற்பூரம் ஏற்றி, கப்பலின் மூக்குக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். தவுக்கே சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். "சூடா ஆபிஸ்கா, அக்கா? போலே புக்குல்?" முடிந்ததா, அடிக்கலாமா என்று அவர் கேட்கவும் ஆட்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இருங்க தவுக்கே, நஞ்தி நஞ்தி. இதுல ஏறிப் போனவன் எவ பெத்த புள்ளையோ. அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயா ஒடைக்கிறது?" என்று சொல்லி, ஒரு வாழையிலைத் துண்டில் எள் கலந்த சோறு ஒரு பிடி வைத்துக் கும்பிட்டாள். அன்று அமாவாசை.

அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தான். திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். செத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. லயத்துப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முகத்துக்கு நேராகவே, "திதி கொடுக்காம வச்சிருக்கியே, அந்த ஆத்மா தண்ணிக்குத் தவிக்காதா?" என்று கேட்டவளும் உண்டு. வீட்டில் படையல் போட்டால் அவர் போய்விட்டார் என்று ஆகிவிடும். அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு விளக்கினாள். "நான் இங்க எவளோ பெத்த புள்ளைக்கு ஒரு பிடி வைக்கிறேன். அங்க எவளாச்சும் ஒருத்தி என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடி வைப்பா. அந்த ஆண்டவன் கணக்கு தப்பாது புள்ள."

"அவரு உசுரோட இருந்தா, அக்கா? படையல் வைக்கலாமா?"

"உசுரோட இருந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்டி. சோறுதானே."

அந்தச் செம்மண் சாலையில் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் எங்கள் தோட்டத்துக்குள் வந்தது. அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்கு யாரும் அரிசி கொடுக்கக்கூடாது என்று எல்லா லயங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். ஒரே கேட்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமென்று, ஆறாம் வகுப்பு படித்தவள் என்பதற்காகத் தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி என் பெயரைக் கொடுத்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் கித்தான் மறைப்புக் கட்டி அதற்குள் என்னை நிறுத்தினார்கள். விடியற்காலையில் ஒவ்வொருவராக வருவார்கள். கொண்டையை, மடியை, பால் வாளியைத் தடவிப் பார்க்க வேண்டும். தினமும் முகம் பார்த்துப் பழகின பெண்கள். "நல்லாத் தேடுடி, கொண்டைக்குள்ள ரெண்டு மூட்டை வச்சிருக்கேன்" என்பாள் ஒருத்தி. "மெதுவா தடவு, என் புருஷனுக்கே இம்புட்டு அக்கறை கெடையாது" என்பாள் இன்னொருத்தி. கித்தானுக்கு வெளியே வரிசையே சிரிக்கும். எனக்குக் கண்ணீர் முட்டும்.

முதல் அமாவாசையன்று அக்காவின் மடியில் என் கை பட்டது. இலைப்பொட்டலம், வெதுவெதுப்பாக. அவள் என்னைக் கெஞ்சவில்லை. கண்ணுக்கு நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கையை எடுத்துக்கொண்டு, "போங்கக்கா" என்றேன். அதற்கப்புறம் அமாவாசை தோறும் அப்படித்தான். ஒரு பிடி. அதை யாரை நினைத்துக் கொண்டுபோகிறாள் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் ரோந்து போன ராணுவத்தார் கிடங்கின் ஓரத்தில் அந்த இலையைக் கண்டுவிட்டார்கள். இலையில் சோறு. காட்டுக்காரனுக்கு யாரோ உணவு வைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். செத்தவனுக்கு வைத்த சோறு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக்கார அதிகாரி வந்து எல்லோரையும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார். பிடிபட்டால் ஜெயில், இல்லையென்றால் நாடு கடத்துவோம் என்றார். கூடவே டவுனிலிருந்து ஒரு போலீஸ்காரம்மாவும், தமிழ் தெரிந்த ஓர் ஆளும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து, நான் சோதித்து அனுப்பும் பெண்களை வெளியே நிறுத்தி அந்தம்மா மறுபடியும் சோதிப்பாள் என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள். அந்த மூன்றாம் நாள் அமாவாசை.

அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு நாலு மாதம். மசக்கையில் தலை தூக்க முடியாமல் இரண்டு நாள் கிடந்துவிட்டேன். அவள் கித்தானுக்குள் வந்தாள். மடியில் அதே வெதுவெதுப்பு. நான் பொட்டலத்தை இழுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெளிய இன்னொருத்தி நிக்கிறாக்கா" என்று காதில் சொன்னேன். பிடி தளர்ந்தது. அவள் வெறும் மடியோடு வெளியே போனாள். போலீஸ்காரம்மா தடவிப் பார்த்து, போ என்று தள்ளிவிட்டது கேட்டது. அடுத்த நொடியே பூட்ஸ் சத்தம் கித்தானை நோக்கி வந்தது.

என் கையில் பொட்டலம். எறிய இடமில்லை. ஒளிக்க இடமில்லை. சோற்றை வாயில் போட்டுக்கொண்டேன். இலையைச் சேற்றில் மிதித்து அமுக்கினேன். எள் பல்லில் நெரிந்தது. அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "மாக்கான் ஆப்பா?" என்றாள், என்ன தின்கிறாய் என்று. வாயைப் பொத்திக்கொண்டு, "சீரே" என்றேன். வெற்றிலைதானே என்று நினைத்துப் போய்விட்டாள். முழுங்கினேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இறந்தவர் சோற்றைத் தின்றவள் நான்.

சாயங்காலம் அக்கா திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இருந்த இடம் மட்டும் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. கேட்டில் என் முன்னால் நின்று மெல்லக் கேட்டாள்.

"சோறு என்னாச்சு?"

இரண்டடி தள்ளிப் போலீஸ்காரம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அந்தத் தமிழ் தெரிந்த ஆள். "தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அங்கயும் ஒரு கேட்டு போட்டுட்டாங்க போல. அவருக்கு வச்ச கையத் தடுத்துட்டாங்க. இனி அவரு இல்ல." பையிலிருந்து தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதையும் சோதிச்சிட்டு நீயே வச்சிக்க. எனக்கு இனி எதுக்கு?"

ராத்திரியே அவள் வாசல்வரை போனேன். உள்ளே ஒப்பாரி கேட்டது. அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த ஒப்பாரி. சோறு வீணாகவில்லை அக்கா, ஒரு உசுரு சாப்பிட்டது, என் வயிற்றில் இருக்கிற உசுரு சாப்பிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் மறுநாள் பொட்டு வைத்திருப்பாளோ என்னவோ. சொன்னால் மாமியார் காதுக்குப் போகும், பிள்ளைக்குத் தோஷம் என்பார்கள் என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன். பதினைந்து நாளில் அவள் ஜொகூர் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு பார்க்கவே இல்லை. என் பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் பிறந்தான். அவன் நெற்றியில் விபூதி பூசும்போதெல்லாம் அந்த எள் மறுபடியும் என் பல்லில் நெரியும்.

போன வருஷம்தான் அவனிடம் சொன்னேன். அவனே இப்போது பேரன் எடுத்தவன். "ஏம்மா, நான் முதல்ல தின்ன சோறே ஓசிச் சோறா?" என்று சிரித்தான். பிறகு காரை எடுத்தான். அந்தக் கிடங்கு இருந்த இடத்தைத் தேடி, இப்போது நாங்கள் இருக்கிற புக்கிட் காத்திலிலிருந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். தோட்டமே இல்லை, செம்மண் சாலைக்குத் தார் போட்டு வளைத்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். "போன்ல எல்லாம் காட்டும், கப்பல் ஒடைச்ச எடம் மட்டும் காட்டாதும்மா" என்றான். ரெம்பியாவில் வன்பொருள் கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர், அந்தத் தவுக்கே மூன்று தடவை இடம் மாற்றினார் என்றார். அலோர் காஜா சாலையில் அவர் காட்டிய ஓரிடத்தில் எண்ணெய் நிலையம் இருந்தது. இன்னொன்றில் செம்பனை. நின்று பார்த்தேன். மனம் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது வாரம் ஒரு மலாய்க் கிராமத்தில், கம்பத்து வீடு ஒன்றில் வழி கேட்க இறங்கினோம். அங்கே கோழிக்கூண்டின் கூரை வெள்ளையாக மின்னியது. கிட்டே போனேன். ஓரத்தில் வரிசையாக மிளகளவு ஓட்டைகள். பையிலிருந்த தட்டை எடுத்து விளிம்போடு விளிம்பாக வைத்தேன். ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்தது. எட்டு சேர்ந்தது, ஒன்பதாவது கொஞ்சம் விலகியது. அந்த வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், சிரித்துக்கொண்டே, "காப்பால் தெர்பாங் லா இத்து" என்றாள், அது பறக்கிற கப்பல் என்று. அவள் அப்பா பக்கத்திலிருந்தே தூக்கி வந்ததாம். கையை நீட்டிக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால், புது வீடமைப்புக்கு நடுவே, பிள்ளைகள் விளையாடுகிற ஒரு திடல்.

அடுத்த அமாவாசைக்கு எள் கலந்து ஒரு பிடி வடித்து எடுத்துப் போனேன். மகன் சாப்பிடத் தனியாக ஒரு கேரியர். உச்சி வெயில். திடலில் புல் வெட்டிக்கொண்டிருந்தான் ஒருவன், வேறு தேசத்துப் பிள்ளை. வங்காளமோ பர்மாவோ, எந்த ஊரோ. செருப்பைக் கழற்றினேன். தட்டில் சோற்றை வைத்துப் புல்லில் இறக்கிக் கும்பிட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தோம். அவன் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு தட்டுவரை வந்து நிறுத்தினான். சோற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "மாக்சிக், இனி சியாப்பா புஞ்யா?" என்று கேட்டான். இது யாருடையது என்று.

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சோற்றைப் பற்றி என்னிடம் கேள்வி வருகிறது! "உனக்குத்தான் லா. மாக்கான்" என்றேன்.

"அம்மா, அது படையல்" என்று மகன் என் கையைப் பிடித்தான்.

"நீ தின்னு நல்லாத்தானே இருக்க? உசுரோட இருந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அந்தப் பிள்ளை தட்டோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தான். மகன் என் கையை விட்டுவிட்டு, கேரியரைத் திறந்து தன் சோற்றையும் அந்தத் தட்டில் கொட்டி, சாம்பாரை ஊற்றினான். ஓட்டை வழியாகச் சாம்பார் அந்தப் பிள்ளையின் முழங்காலில் ஒழுகியது. அவன் திடுக்கிட்டு எழுந்து, பிறகு சிரித்து, ஓட்டைகளை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

தட்டைக் கழுவி வந்து மறுபடியும் மேடையில் வைத்துவிட்டேன். மருமகள் இப்போதெல்லாம் பித்தளைத் தட்டைப் பற்றிப் பேசுவதில்லை. மகன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இன்று காலையும் கற்பூரம் காட்டினேன். விபூதி கொட்டியது. அவள் துணியை எடுத்து, மேடையைத் துடைத்துவிட்டுத் தட்டை அதே இடத்தில் வைத்தாள்.