கட்டைவிரலைத் துடைப்பவர்

ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை ஆண்டுக்கொருமுறை கைரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். எங்கள் சுரங்க நகரியத்தில் அந்த இயந்திரத்தின் முன் கான்ட்ராக்ட்டில் அமர்ந்திருப்பவர் ஐ.டி. இன்ஜினியர்; சைபர் செக்யூரிட்டி தனியாகப் படித்தவர். எனக்கு முன்னால் இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவர் கட்டைவிரலையும் தன் கைக்குட்டையால் துடைத்த பிறகே வைக்கச் சொன்னார். அவரிடம் நான் வருவது ஆறாவது முறை. காதோர நரையை இப்போதுதான் பார்த்தேன்.

“சென்னைக்குப் போயிருக்கலாமே தம்பி?” என்றேன்.

“ரெண்டு கம்பெனில கூப்ட்டாங்க சார். சொரங்கத்துக்கு நெலம் குடுத்த வூடுங்க நாங்க, வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. பாதில வுட்டுட்டுப் போனா பர்மனென்ட் ஆவாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. இப்பப் போனா வயசக் கேக்குறாங்க. நீங்க எப்ப சார் பர்மனென்ட் ஆனீங்க?”

எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் பதினோரு மாதத்தில் ஆனேன். அதைச் சொன்னேன்.

இயந்திரம் என் ரேகையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் என் விரலை விடாமல் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.