டெலீட் பொத்தானில் வைத்த பொட்டு

நாகமலை புதுக்கோட்டையில் ஆய்வேடு டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் செட்டிங்ஸ் பக்கம் மட்டும் நீலமாக வந்து நின்றது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே நீலம். உள்ளே ஒரு மாணவியின் முந்நூறு பக்க ஆய்வேடு. வேறெங்கும் நகல் எடுத்து வைக்காத புத்திசாலி நான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"விண்டோஸ் போச்சுக்கா. ஃபார்மேட் அடிச்சாத்தான் உண்டு."

"உள்ள இருக்கது அம்புட்டும் அழிஞ்சிருமேண்ணே?"

"அழிஞ்சா என்னக்கா, மெஷினு பொழைக்கும்ல? சிபியுவைக் கடைக்குக் கொண்டாங்க."

அந்த மேதை போனதும் ஒயர்களையெல்லாம் கழற்றினேன். மனசு கேட்காமல், கரண்டும் மானிட்டரும் மவுஸும் மட்டும் மாட்டி ஒருமுறை போட்டேன். விண்டோஸ் திறந்தது! முதல் வேலையாக ஆய்வேட்டை நகலெடுத்தேன்.

பிறகுதான் கழற்றி வைத்த கீபோர்டைப் பார்த்தேன். பூஜையன்று அதன் நான்கு மூலையிலும் சந்தனத்தை அப்பியது நான்தான். அந்தச் சின்ன கீபோர்டின் மேல் மூலையிலிருந்த டெலீட் பொத்தான், காய்ந்த சந்தனத்தில் அமுங்கியபடியே ஒட்டிக் கிடந்தது. என் கம்ப்யூட்டரில் தொடங்கும்போது அதை அழுத்தினால் செட்டிங்ஸ் பக்கம்தான் வரும். கண்ணெதிரே மணத்துக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியவில்லை, பூசிய எனக்கும் தெரியவில்லை.

மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"நான் அப்பவே நெனச்சேன்க்கா" என்றார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த பிறகே யாரையும் கூப்பிடுகிறேன். அடுத்த பூஜைக்குச் சந்தனம் மேசைக் காலுக்குத்தான். மிச்சமிருந்தால் அவர் வாய்க்கு.