மாற்றிக் கொடுத்த டோக்கன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் வயிற்றில் துடிப்பு இருந்ததா, இல்லையா? இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது கல்யாணமாகிச் சிதம்பரத்திலிருந்து முதுநகருக்கு வந்து எட்டு மாதம். முதல் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் பெயரைப் பதிந்த சிஸ்டர், அட்டையில் ஸ்கேன் தேதியை எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் ஆரம்ப மாதக்காரர்களுக்கு வாரத்தில் ஒரே நாள், செவ்வாய். எட்டு மணிக்கு வர வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், ஸ்கேன் முடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். படித்த இடங்களில் எல்லாம் அதற்காகவே நல்ல பெயர் வாங்கியவள். ஏழரைக்கே போய்விட்டேன். டோக்கன் பதினொன்று.

பெஞ்சில் எல்லோரும் கால்மேல் கால் போட்டு, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். "சிரிச்சிராதீங்கம்மா, சிரிச்சா இங்கயே போயிரும், அப்புறம் அடுத்த செவ்வாதான்" என்றார் கதவருகே நின்ற ஆயாம்மா. அதைக் கேட்டுத்தான் சிரிப்பே வந்தது.

பக்கத்தில் பன்னிரண்டாம் டோக்கன். இருபது வயதுகூட இருக்காது. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். பஸ்ஸிலேயே பாட்டிலைக் காலி செய்துவிட்டாளாம். பத்தாம் எண் உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க நம்பருக்கு நான் போயிரட்டுமா? போன வாரமே அடக்க முடியாம திரும்பிப் போனேன். இன்னிக்கும் போனா எங்க அத்த வூட்டுக்குள்ளயே வுடமாட்டாங்க."

எனக்கும் அடிவயிறு தெறித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஆள், பத்து நிமிடம் என்று நினைத்தேன். மாற்றிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "துடிக்குதாம்க்கா" என்று சொல்லிவிட்டு கழிப்பறைக்கு ஓடினாள்.

நான் எழுந்து நின்றேன். அதே நேரம் பிரசவ வார்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். யாருக்கோ ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் என்னைத் தாண்டித்தான் ஓடினார். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மணிவரை காத்திருந்தோம். பிறகு ஆயாம்மா டோக்கன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்தவர்களை அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

என் கணவர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போனில் விஷயத்தைக் கேட்டவர், சாயங்காலமே தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போகலாம் என்றார். நான்தான் மறுத்தேன். வலி இல்லை, ரத்தம் படவில்லை, அங்கேதான் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்களே என்றேன்.

அடுத்த செவ்வாய் முதல் ஆளாக உள்ளே விட்டார்கள். டாக்டர் கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"துடிப்பு தெரியலம்மா."

வளர்ச்சி எட்டு வாரம், ஐந்து நாளில் நின்றிருந்தது. என் கணக்குப்படி முந்தைய செவ்வாயன்று எட்டு வாரம், ஆறு நாள். ஒரே ஒரு நாள் வித்தியாசம். நான் சொன்ன தேதியும் சரிதானா என்று இப்போது சந்தேகம். கொழுந்தனாருக்கு நிச்சயம் நடந்த அன்றா, மறுநாளா? டாக்டரிடம் கேட்டேன். அளவில் இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கும், எந்த நாளில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "போன வாரமே பாத்திருந்தாலும் நம்மளால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்று என் தோளைத் தொட்டார்.

அதை நம்புகிறேன். ஆனால் நான் கேட்டது அது இல்லை. அன்று துடித்துக்கொண்டிருந்தது என்றால், அதை யாராவது ஒரு தடவை பார்ப்பதற்கு இருந்த ஒரே வாய்ப்பை நான் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். முன்பே நின்றிருந்தால் அந்த டோக்கனால் எதுவும் இல்லை. இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் பெண் முந்தின வாரம் பெஞ்சிலேயே என் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். துடிப்பில்லை என்று சொன்ன அன்று சாயங்காலம், கருவைச் சுத்தம் செய்வதற்காக வார்டில் படுத்திருந்தபோது, ஸ்கேன் எடுத்தாச்சா அக்கா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். "எடுத்தாச்சு. நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன். வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. அதன்பிறகு வளையல் போட்ட படம் வந்தது, பெண் குழந்தை பிறந்த படம் வந்தது. ஒவ்வொன்றின் கீழும் "ஒங்க டோக்கன்ல பாத்த பாப்பா" என்று இருக்கும். எனக்கு என்ன குழந்தை என்று கேட்டாள். பையன் என்றேன். படம் கேட்டாள். திருஷ்டி என்று மாமியார் அனுப்ப விடமாட்டார் என்றேன். என் மாமியார் அப்படிப்பட்டவர் இல்லை. மாதா கோயிலில் மண்டியிடும்போது அவர் பெயரைக் கெடுத்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மறுபடி உண்டானபோது அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஒரு பெண் முனகிக்கொண்டே இருந்தாள். என் முறை வரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது உண்மையாகவே எனக்கு ஒரு பையன். ஐந்து மாதம். அவன் தூங்கும்போது மார்பில் கை வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்துகிறார்களாம். "புள்ளையத் தூக்கிக்கிட்டு வரணும்க்கா. ரெண்டையும் ஒண்ணா நிக்க வச்சி போட்டோ எடுக்கணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவள் மகள் ஓடுகிறாள். என் மகன் இன்னும் உட்காரக்கூட இல்லை. பார்த்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

முன்னாடியே போனில் சொல்லிவிடு என்கிறார் கணவர். சிதம்பரத்திலிருந்து அம்மா, நல்ல காரியத்துக்கு முன்னால் எதற்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடு என்கிறாள். சொன்னால், தன் மகளைப் பார்க்கும்போதெல்லாம் என்னுடையதும் அவள் நினைவுக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது. அவள் கேட்டது பத்து நிமிடம் மட்டும்தானே.

இதைப் படிப்பவர்களில் அந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் அந்தப் பன்னிரண்டாம் டோக்கனாக இருந்திருந்தால், இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பீர்களா? காது குத்துக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.