கீழே நிற்கிறவனின் கூலி

என் அக்கா புருஷனுக்கு ‘ஆகட்டும்’ என்று பட்டப்பெயர். மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் கூப்பிடுகிறவர்கள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் “சரி, ஆகட்டும்” என்று தலையாட்டிவிடுவார். உச்சிக்கிளையில் நின்று மெஷின் ரம்பத்தை ஓட்டும்போது நடுங்காத மனுஷனுக்கு, கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தொகையைச் சொல்ல நாக்கு எழும்பாது. எனக்கு இதில் கோபம் உண்டு. அவரிடம் பதினொரு வருடம் கயிறு பிடித்தவன் நான்.

அத்தான் விலை போடும் அழகைச் சொல்கிறேன். அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பருமன் பார்ப்பார். கடைசியில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் சுளித்தால் ஐநூறு போகும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஆயிரம் போகும். போனதை எங்கே பிடிப்பது? பெட்ரோலில் பிடிக்க முடியாது. வெட்டியதை ஏற்றிப்போகும் வண்டிக்காரன் விடமாட்டான். கீழே நிற்கிற ஆளில்தான் பிடிப்பார்.

பெரிய கிளையை இறக்கக் கீழே இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக் கிளையின் கனத்தைத் தாங்குவான். மற்றவன் இன்னொரு கயிற்றால் அதைச் சுவர் பக்கம் போகவிடாமல் இழுப்பான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் சும்மா நிற்பதாகத்தான் தோன்றும். விலை பேசும் நேரத்தில் அத்தானுக்கும் அப்படியே தோன்றிவிடும். “எங்க மச்சான் ஒருத்தனே ரெண்டு ஆளுக்குச் சமம்” என்பார். பாராட்டுக்குக் காசா பணமா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் வீட்டில் ஆயிரத்தைந்நூறு குறைத்துக்கொண்டு வந்தார்; அப்படித்தான் தனியாக நின்றேன். ஒரு கையில் ஒரு கயிறு, மறு கையில் மற்றது. கிளை அறுபட்டதும் மதில் பக்கம் வீசியது. மதிலைக் காப்பாற்ற ஒரு கயிற்றை இழுத்தேன். கனம் தாங்கிய கயிறு கை நழுவியது. கிளை என் வலது முழங்காலில் இறங்கியது. மதிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அத்தான் மெஷினை விற்றார். நான் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த அறையில்தான் அக்கா அவரை உட்காரவைத்துக் கணக்குக் கேட்டாள். தையல் கடை வைத்திருப்பவள். துணி, நூல், பொத்தான், கூலி என்று பிரித்து எழுதாமல் யாருக்கும் விலை சொல்லமாட்டாள்.

“மாசத்துல எத்தனை நாள் வேலை இருக்கு?”

“பதினாலு நாள் இருக்கும்.”

“மீதி பதினாறு நாளும் நாம சாப்பிடறதில்லையா? அதையும் இந்தப் பதினாலு நாள்தானே சுமக்கணும்? மெஷின் தேய்ஞ்சா அடுத்த மெஷின் வானத்துலேருந்தா விழும்?”

எல்லாவற்றையும் எழுதினாள். கீழே இரண்டு ஆள் என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கூட்டிப் பார்த்தால், அவர் இத்தனை நாள் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு வந்தது.

“இதைச் சொன்னா நாயை அவிழ்த்து விட்டுடுவாங்க” என்றார் அத்தான்.

தவணையில் புது மெஷின் வாங்கி, புது விலையோடு கிளம்பினோம். என்னால் கயிறு பிடிக்க முடியாது. ஊன்றுகோலோடு கூடப் போவேன். கீழே நிற்கப் புதிதாக இரண்டு பேர். ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மூன்று வீட்டில் விலை சொன்னோம். மூன்றிலும் கேட்டைச் சாத்தினார்கள். நாயை அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது வீட்டுக்குப் போகும் வழியில் அத்தான் சொன்னார்: “நாளைக்குத் தவணை. இதுவும் போச்சுன்னா பழைய ரேட்டுதான்டா. ஒரு ஆளைக் குறைச்சுடறேன்.” காசு தேவைப்படுகிறவன்தான் மிஞ்சுவான். அந்தப் பச்சைக்குழந்தையின் அப்பன் தனியாகக் கிளைக்கு அடியில் நிற்கப்போகிறான்.

அந்த வீட்டம்மா தொகையைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கினாள்.

“கீழ எதுக்கு ரெண்டு பேர்? சும்மாதானே நிக்கறாங்க?”

நான் ஊன்றுகோலை முன்னால் வைத்து, வேட்டியை லேசாகத் தூக்கினேன். நன்றாகப் பார்க்கட்டும். பார்த்தபிறகு எப்படிப் பேரம் பேசுவாள்? அத்தான் சட்டென்று எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“ரெண்டு பேர் வேணும்மா.”

“அப்போ விலையையாவது குறைங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குறைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“வேலையைக் குறைச்சுக்கலாம்மா. கூரை மேல சாய்ஞ்ச ரெண்டு கிளையை மட்டும் இப்போ எடுக்கறேன், அதுக்கான காசு குடுங்க. மீதியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆளைக் குறைக்க மாட்டேன்.”

அவள் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள். இரண்டு கிளைக்குச் சம்மதித்தாள். தவணைக்கு அது போதாது. மெஷின் கடைக்காரரிடம் பத்து நாள் அவகாசம் கேட்கவேண்டும்.

திரும்பும்போது எனக்கு ஆற்றாமை. “என் காலைக் காட்ட விட்டிருந்தா முழு மரமும் கிடைச்சிருக்கும், அத்தான்.”

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆயிரத்தைந்நூறுக்கு உன் காலை ஏற்கெனவே ஒரு தடவை வித்துட்டேன்டா. மறுபடியும் விக்கச் சொல்றியா?”