குமிழி வராத நேரம்

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் போய், அங்கே வரும் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டுபோய்ப் பவளப்பாறைகளைக் காட்டுவது என் வேலை. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டும்முன் யாராக இருந்தாலும் மூன்று தடவை சொல்வேன்: "உள்ள மூச்சை அடக்காதீங்க. அடக்கிக்கிட்டு மேல வந்தா காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிரும்."

அன்று இடைசெவலிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

"எனக்கே பாடமா மாப்ளே? ஒரே மூச்சுல கிணத்துல முங்கி, அடிமண்ணு எடுத்துட்டு வாரவன்லா நான்!" என்று சிரித்தார். மேற்கொண்டு சொன்னால் மச்சான் கோபித்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன்.

கடலுக்குள் முகமூடியில் தண்ணீர் புகுந்ததும் மிரண்டு, விறுவிறுவென்று மேலே கிளம்பினார். அவர் வாயிலிருந்து குமிழியே வரவில்லை. கிணற்றில் பழகிய மாதிரி மூச்சை அடக்கியிருந்தார். காலைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஓங்கிக் குத்தினேன். அப்புறம்தான் குமிழி வந்தது. படகில் ஏறி இருமியபோது எச்சிலில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இப்போது ஊரில் எந்த விசேஷமானாலும் என் தோளில் கைபோட்டு, "என் உசுரக் காப்பாத்துனதே மாப்ளதான்" என்கிறார். பந்தியில் முதல் இலை எனக்குத்தான்.

நானும் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.